குறைந்துகொண்டே போன முட்கள்

என் அத்தானைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவர் எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள் என்பதுதான். மாடி ஏறினால் படியை எண்ணுவார். சட்டை வாங்கினால் பொத்தானை எண்ணுவார். கல்யாணமான புதிதில் அக்கா மனசு விட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தாராம். பதினேழு கம்பி என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அப்படி எண்ணுவதற்குத்தான் அவருக்குச் சம்பளமும். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷமாகக் கயிறு பார்க்கிறவர். லிஃப்டைத் தூக்கி இறக்குவது இரும்புக் கயிறு. மெல்லிய கம்பி இழைகளைப் புரியாகத் திரித்து, எட்டுப் புரிகளைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். ஓட ஓட இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஒரு முறுக்கு நீளத்துக்குள், அதாவது ஒரு புரி ஒருமுறை சுற்றி வரும் தூரத்துக்குள், எத்தனை அறுந்திருக்கிறது என்று மாதம் ஒருமுறை எண்ணி எழுத வேண்டும். ஓர் அளவைத் தாண்டினால் கயிற்றையே மாற்ற வேண்டும். கயிற்றைச் சுற்றித் துணியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழை துணியில் மாட்டும். புரிக்கும் புரிக்கும் நடுவில் பள்ளத்துக்குள் அறுந்தது மாட்டாது, அதைக் கண்தான் பிடிக்க வேண்டும். "துணி பொய் சொல்லும், கண்ணு சொல்லாது" என்பார் அத்தான்.

நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்கிறவள். பாஸ்போர்ட் சைஸ் எடுப்பது, முகப்பரு அழிப்பது, வழுக்கையில் வெளிச்சம் குறைப்பது எல்லாம் என் பாடு. அத்தான் என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரைச் சும்மா விட்டதில்லை. எங்கள் ஸ்டூடியோ எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்து லிஃப்டும் அத்தான் பார்க்கிறதுதான்.

கள்ளிச்செடி அவரிடம் வந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால். ஒரு ஆபீஸ் காலி பண்ணும்போது குப்பையோடு வெளியே வைத்திருந்தார்கள். டீ கிளாஸ் அகலத்துக்கு ஒரு தொட்டி, அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஐந்து உருண்டை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. உடம்பு முழுக்க வெள்ளை மயிர் மாதிரி முள். அத்தான் அதை டிபன் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். "வீட்டுல இருக்கிற முள்ளு போதாதா?" என்றேன், அக்காவைப் பார்த்துக்கொண்டே. அக்கா கரண்டியை எடுத்தாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மனுஷர் அந்தச் செடிக்கு அடிமையாகிவிட்டார். செங்கல்லை உடைத்து, சல்லடையில் சலித்து, பட்டாணி அளவு துண்டுகளை மட்டும் பொறுக்கி, அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து, அகலமான ஒரு மண்தொட்டியில் மாற்றி வைத்தார். விரலை விட்டுப் பார்த்து அடிவரை காய்ந்தால்தான் தண்ணீர். குளிர் மாதங்களில் ஒரு சொட்டும் கிடையாது, அப்படிப் பட்டினி போட்டால்தான் பூக்குமாம். ஐந்து உருண்டை ஒன்பதாகி, பதினாலானது. அதிலிருந்து குட்டியைக் கிள்ளி, வெட்டுவாய் ஆறும்வரை ஒரு வாரம் காகிதத்தில் காயவைத்து, புதுத் தொட்டியில் நட்டு, தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அதன் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாத பொருள் வீட்டில் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. யாரோ சொல்லி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் நம்பர் கிடைத்தது. ஆயுசில் பாதியைக் கள்ளி வளர்த்தே கழித்தவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கள்ளி வாத்தியார். அவர் போனிலேயே கேள்வி கேட்டார். ஊசியால் குத்தினால் பால் வருகிறதா? வரவில்லை. முள் நுனி கொக்கியாக வளைந்திருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் மாமில்லேரியா ஜாதி, அதில் இரண்டில் ஒன்று. உருண்டை மேல் மேடு மேடாக இருக்கும் ஒவ்வொரு குமிழின் நுனியிலும் ஒரு முள் கொத்து இருக்கும், ஓரத்தில் சுற்றியிருக்கும் முள்ளை மட்டும் எண்ணுங்கள் என்றார். பன்னிரண்டிலிருந்து பதினாறு வந்தால் கிராசிலிஸ். இருபத்தைந்துக்கு மேல் என்றால் புரோலிஃபெரா. பூக்கும் வரை மாதம் ஒருமுறை எண்ணி எழுதி வையுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள், அவசரப்படாதீர்கள்.

எண்ணச் சொன்னால் அத்தானுக்குக் கேட்கவா வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தால் செடியை மேஜையில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, குண்டூசி முனையால் ஒவ்வொரு முள்ளாக நகர்த்தி எண்ணி நோட்டில் எழுதுவார். முப்பத்தொன்று. அடுத்த மாதம் முப்பது. அப்புறம் முப்பத்திரண்டு. "புரோலிஃபெரா, சந்தேகமே இல்ல" என்றார். மறுநாள் தொட்டியை நான் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய்க் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, பின்னால் தேதி எழுதி உறையில் போட்டு வைப்பேன். எண்ணிக்கை மட்டும் படத்திலிருந்து கூடாது, செடியைக் கையில் வைத்துத்தான் எண்ண வேண்டும் என்பது அத்தானின் பிடிவாதம்.

ஆறாவது மாதத்திலிருந்து எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது.

இருபத்தெட்டு என்று எழுதினார். பிறகு இருபத்தைந்து. செடிக்குச் சத்துப் போதவில்லை என்று உரத்தை மாற்றினார். இருபத்திரண்டு. வெயில் போதவில்லை என்று மொட்டை மாடிக்கு மாற்றினார். பத்தொன்பது. வாத்தியாருக்குப் போன் செய்தால், "முள்ளு என்ன தலைமுடியா சார், கொட்டுறதுக்கு?" என்றார்.

அந்த நாட்களில் வேறு சிலதும் நடந்தன. அதையெல்லாம் அப்போது கோத்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை. வாசல் நிலை வளைந்திருக்கிறது என்று அத்தான் ஒரு தச்சரைக் கூட்டிவந்தார். தச்சர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது என்றார். அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "நடுவுல வயிறு தள்ளியிருக்கு, உங்களுக்குத் தெரியலையா?" என்று சண்டைக்கே போய்விட்டார். எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து, காக்காய் மாதிரி ஓரக்கண்ணால் பார்க்கிற பழக்கமும் வந்திருந்தது. "வயசான காலத்துல ஸ்டைலப் பாரு" என்று நான்தான் கிண்டல் செய்தேன். ஒருமுறை உருண்டைகளின் இடுக்கில் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி அப்பியிருந்தது. முன்பென்றால் கூடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்திருப்பார். அன்றைக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் குனிந்து பார்த்துவிட்டு, செடி ஜோராக இருக்கிறது என்றார். நான்தான் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்தேன். நடுவில் இரண்டு உருண்டை அதற்குள் அழுகி, தொட்டால் கூழாக வந்தது.

செடி பூத்ததும் அந்தச் சமயத்தில்தான். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பாலாடை நிறத்தில், ஒவ்வொரு இதழின் நடுவிலும் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அத்தான் வாத்தியாரிடம் போனில் "ஒரே வெளிர் நிறம், கோடு கீடு ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நான், ஏதோ அவசரத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் அவர் எழுதியது பதினாலு. வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார். "முப்பத்தொண்ணு எழுதினது ஒரு செடி, பதினாலு எழுதினது வேற செடி. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க."

வீட்டை விட்டு அந்தச் செடியை வெளியே எடுத்துப் போகிற ஒரே ஆள் நான். அத்தான் நேரே என் மேல் பாய்ந்தார்.

"கீழ போட்டு உடைச்சிட்ட. உடைச்சிட்டு, கடையில இதே மாதிரி ஒண்ண வாங்கி வச்சுட்ட. சொல்லிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

"அத்தான், சத்தியமா நான் மாத்தல."

"எனக்கு எண்ணத் தெரியாதுங்கிறியா?"

எனக்குக் கோபம் மூக்கின் மேல். எதை வேண்டுமானாலும் பொறுப்பேன், செய்யாத தப்புக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டேன். மறுநாள் விடிந்ததும் ஸ்டூடியோவைத் திறந்து முதல் வேலையாகப் பதினாறு மாதப் படங்களையும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு, வரிசையாகப் பரப்பி, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு முள்ளிலும் புள்ளி வைத்து எண்ணினேன். முப்பத்தொன்று. முப்பது. முப்பத்திரண்டு. முப்பத்தொன்று. ஆறாவது மாதம், முப்பத்தொன்று. பத்தாவது மாதம், முப்பது. போன மாதம், முப்பத்திரண்டு. பழைய உருண்டையில் இருந்த சின்னத் தழும்புகூடப் பதினாறு படத்திலும் அதே இடத்தில். ஒரே செடி, ஒரு முள்ளும் குறையவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று துள்ளினேன். மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடுவதில்லை என்று படங்களை அடுக்கி உறையில் போட்டேன். அப்போது வெளியே லிஃப்ட் மணி அடித்தது. கதவு திறந்து ஆட்கள் ஏறினார்கள், மூடியது. உறை கையில் அப்படியே இருந்தது.

அவர் அங்கேயும் எண்ணுகிறார்.

வாட்ச்மேன் மேஜையில் லிஃப்ட் பதிவேடு இருக்கும். வாங்கிப் புரட்டினேன். அத்தானின் கையெழுத்து, மாதம் ஒன்று. அறுந்த இழை என்ற கட்டத்தில் ஆறு, ஏழு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏறிக்கொண்டு போனது. அதற்கப்புறம் ஒன்பது. எட்டு. ஆறு. நாலு. போன வாரம் எழுதியது இரண்டு. அறுந்த இரும்பு தானாக ஒட்டிக்கொள்ளுமா? ஒரு வருஷமாக அந்த நோட்டு அங்கே கிடந்தது, யாரும் கேட்கவில்லை. "உங்க அத்தான் கை பட்டதும் கயிறு புதுசாயிடுச்சும்மா" என்றார் வாட்ச்மேன்.

லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அத்தான் வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். மேஜையில் பெரிய படத்தை வைத்து, "இதுல சுத்து முள்ளு எத்தனைன்னு எண்ணுங்க" என்றேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். தலையைச் சாய்த்தார். விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "பதினாலு" என்றார்.

"அதுல நான் சிவப்பா புள்ளி வச்சிருக்கேன் அத்தான். முப்பத்திரண்டு புள்ளி."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு சொல்லிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் என்னிடம், ரகசியம் போல. "ரிட்டயராக ரெண்டே வருஷம். இதை வெளிய சொல்லிடாதேடி."

"அக்கா, நோட்டுல இழை குறைஞ்சுக்கிட்டே வருது. என் கட்டடத்துல பதினொண்ணு இருந்தது. இப்ப ரெண்டாம்."

அக்காவுக்குப் புரியவில்லை. அத்தானுக்குப் புரிந்தது. அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட முடியாமல் தடவிக்கொண்டே இருந்தார்.

"நேரா பார்த்தா நடுவுல ஒரு அழுக்கு மாதிரி இருக்கு" என்றார் மெல்ல. "துடைச்சா போகல. சாச்சுப் பார்த்தா ஓரளவு தெரியும். அதான் சமாளிச்சேன்." பிறகு, "துணியில ஒண்ணும் மாட்டலையே, அதனால கயிறு நல்லாருக்குன்னு நெனச்சுட்டேன்" என்றார். துணியை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷர்.

கள்ளி நோட்டை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு படத்திலும் நான் எண்ணியதைச் சொல்லி, நோட்டில் அவர் எழுதியதையும் படித்துக் காட்டினேன். முதல் ஐந்து மாதமும் இரண்டும் ஒத்துப்போனது. ஆறாவதிலிருந்து ஒத்துப்போகவில்லை. "பதினோரு மாசம்" என்றார் அத்தான். அந்தப் பதினோரு மாதத்தில் அவர் கையெழுத்துப் போட்ட எதையும் நம்ப முடியாது என்பது மூவருக்கும் தெரிந்துவிட்டது.

கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கிருந்த இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். பதற்றப்படாதீர்கள் என்றார். ஒரு லிஃப்டுக்கு ஐந்து கயிறு, ஒன்று போனாலும் நான்கு தாங்கும், அதற்கு மேல் அவசர பிரேக் இருக்கிறது, அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன். "அஞ்சும் ஒரே நாள்ல மாட்டினது தம்பி. தேஞ்சாலும் அஞ்சும் சேர்ந்துதான் தேயும்" என்றார் அத்தான். "ரெண்டுன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?" என்றது மறுமுனை. அத்தான் போனை வைத்தார்.

"மெஷின் ரூம் சாவியை எடு" என்றார் அக்காவிடம். அக்கா அசையவில்லை. அலமாரியைத் திறந்து அவரே தடவி எடுத்துக்கொண்டார்.

நேரே என் ஸ்டூடியோ கட்டடத்துக்குப் போய், எட்டு மாடியும் படியில் ஏறினோம். மேல் மாடியில் பட்டனை அழுத்தி லிஃப்டை வரவழைத்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு, மெஷின் ரூமைத் திறந்து மெயினை அணைத்தார். உள்ளே கிரீஸ் வாடை. பெரிய சக்கரத்தில் ஐந்து கயிறு பளபளவென்று படிந்திருந்தது. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. "பள்ளத்துல டார்ச் அடிச்சுப் பாரு. செவப்பா பொடி இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. புரிகளுக்கு நடுவே செங்கல் பொடி மாதிரி துரு வழிந்து, கீழே தரையிலும் கொட்டியிருந்தது. ஒரு முறுக்கு நீளத்தை விரலால் காட்டி, எண்ணு என்றார். ஒடிந்த இழைகளின் முனைகள் உள்ளே மடங்கிக் கிடந்தன. எண்ணினேன். "இருபத்தாறு, இருபத்தேழு" என்றேன். போதும், அளவு எப்போதோ தாண்டிவிட்டது என்றார். அடுத்த கயிற்றைப் பார்க்கச் சொல்லவில்லை.

நாங்கள் கீழே இறங்கி வருவதற்குள் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ஆபீஸ் நேரம். கைக்குழந்தையோடு ஒரு பெண், ஊன்றுகோலோடு ஒரு பெரியவர், பார்சல் பெட்டி தூக்கிய ஒருவர். கட்டடத்துச் செயலாளர் பதிவேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? கம்பெனியில கேட்டேன், ஓடலாம்கிறாங்க. இதோ, போன வாரம் நீங்களே எழுதின நோட்டு. ரெண்டு இழை, நல்ல நிலைமைன்னு உங்க கையெழுத்து."

"அது தப்புங்க."

"தப்புன்னா எப்படி? முப்பது வருஷ சர்வீஸ் உங்களுக்கு. உங்க கையெழுத்தைப் பார்த்துத்தானே எங்க பிள்ளைங்களை ஏத்தி அனுப்புறோம்?"

அத்தான் என் பக்கம் திரும்பவில்லை. முப்பது வருஷமாக மற்றவர்கள் விட்டதைப் பிடிக்கிற ஆள் என்றுதான் அந்தக் கட்டடத்தில் அவரைத் தெரியும்.

"எனக்குக் கண்ணு தெரியலைங்க" என்றார். "பதினோரு மாசமா தெரியல. பார்த்த மாதிரி எழுதியிருக்கேன்."

கைக்குழந்தைக்காரி மூடிய லிஃப்ட் கதவிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள். செயலாளர் நோட்டை மெல்லக் கீழே இறக்கினார். யாராவது திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"இந்த லிஃப்ட் மட்டும்தானா?" என்று கேட்டார் ஊன்றுகோல் பெரியவர்.

"இல்லைங்க. என் கையெழுத்துல இன்னும் பத்தொன்பது ஓடிட்டிருக்கு."

அத்தான் சாவிக்கொத்தை எடுத்து விரலால் தடவி, ஒரு சாவியைப் பிரித்துப் பிடித்தார். அடுத்து எங்கே என்று கேட்டேன்.

"பிரசவ ஆஸ்பத்திரி" என்றார். நான் கையைப் பிடிப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.